பள்ளத்தின் ஆழத்தை எங்கிருந்து அளப்பது?

மழைநீர் எந்த வழியே ஓடும் என்று கணினியில் கணக்கிட்டு அச்செடுத்த வரைபடத்தைக் கண்மாய்க் கரையில் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தேன். எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி மாமா குனிந்து சற்று நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மாப்பிள்ளை, இதில் நம் கண்மாய் எங்கே?"

காணவில்லை. வடமேற்கிலிருந்து வந்த நீலக் கோடு, கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாய்க்குள் நுழைந்து, எங்கும் தேங்காமல் நேரே கடலுக்குப் போயிருந்தது. மாமா நின்றுகொண்டிருந்த கரை, வரைபடத்தைப் பொறுத்தவரை, எதையும் தேக்காத கரை. தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை, அது தேங்கவே வாய்ப்பில்லாத சமதரையாக என் கணினி காட்டியது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் ஆடியும் ஆவணியும் கழிந்தன. அப்போது செய்ததை, தவறாகச் செய்ததையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. ஆறு எதுவும் எங்களைத் தேடி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயும் ஊருணியும் பிடித்துவைத்தால்தான் தை வரை வயல். மேல் கண்மாய் நிரம்பினால் மறுகால் ஓடிக் கீழ்க் கண்மாய்க்கு வரும். சில ஆண்டுகளாக எங்கள் கண்மாய்க்கு வரத்து குறைந்துவிட்டது. வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால், மழைக்கு முன் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவன் நான்.

கையில் இருந்தவை இரண்டு உயரத் தரவுகள். ஒன்று 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள் ரேடார் வீசி எடுத்த எஸ்ஆர்டிஎம். மற்றொன்று டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்களின் தரவிலிருந்து உருவான கோப்பர்நிக்கஸ். இரண்டுமே நிலத்தை ஏறத்தாழ 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தருபவை. இரண்டுமே வெறும் தரையைக் காட்டுவதில்லை, தரைமேல் நிற்பதையும் சேர்த்தே காட்டுகின்றன. எங்கள் பகுதியில் இது பெரிய தொல்லை. உள்வாய் முழுதும் சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. அதன் தலைகளைத் தரை என்று எடுத்துக்கொண்டால் பள்ளமான கண்மாய் மேடாகத் தெரியும். கருவேலம் அடர்ந்த இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் கையால் குறித்து, அங்கெல்லாம் உயரத்தைக் குறைத்தேன். நான்கு மீட்டர் அகலக் கரை 30 மீட்டர் கட்டத்தில் கரைந்துபோகும் என்பதால் கரையையும் கோடாக வரைந்து, அந்தக் கட்டங்களை உயர்த்திவிட்டேன். நிரம்பிய தண்ணீர் வழியும் கலுங்கு இருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி. இத்தனையும் செய்த பிறகும்தான் கண்மாய் காணாமல் போனது.

போன இடம் எனக்கு உடனே தெரிந்தது. நீரோட்டம் கணக்கிடும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதலில் பள்ளங்களை நிரப்பும். தரவில் உள்ள பிழையால் ஒரு கட்டம் மட்டும் சுற்றியிருப்பவற்றைவிடத் தாழ்ந்துவிட்டால், கணக்கில் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். எனவே பள்ளம் என்றால் பிழை, பிழை என்றால் நிரப்பு. மலைச்சரிவில் இது நியாயமான அனுமானம். இராமநாதபுரத்தில் பள்ளம் என்பது மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிக் காப்பாற்றிய ஒன்று. அதைப் பிழை என்று அழிக்கும் கணக்கு எங்கள் நிலத்துக்குப் பொருந்தாது.

நான் பயன்படுத்திய கட்டற்ற மென்பொருளில் இதற்கு வழி இருப்பதுபோல்தான் தெரிந்தது. நிரப்பும் கருவியில் 'அதிகபட்ச ஆழம்' என்று, நாமே எண் கொடுக்கும் ஓர் அளவுரு. கையேட்டில் அதற்கு விளக்கம்: "நிரப்புதலின் அதிகபட்ச ஆழம்". பெயரையே திருப்பிச் சொல்வது விளக்கம் ஆகாது. எந்த அலகில்? எங்கிருந்து எதுவரை? அந்த அளவைத் தாண்டிய பள்ளத்தை அப்படியே விட்டுவிடுமா, அல்லது அந்த அளவுக்கு மட்டும் நிரப்பி நிறுத்துமா? சுழியம் கொடுத்தால் எதையும் நிரப்பாது என்று பொருளா, வரம்பே இல்லை என்று பொருளா? ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்கள் கண்மாய் கலுங்கு மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம். அரை மீட்டர் என்று கொடுத்தேன், கண்மாய் நிரம்பிப்போனது. கால் மீட்டர் கொடுத்தேன், அப்போதும் நிரம்பிப்போனது. சுழியம் கொடுத்தேன், ஊரில் இருந்த எல்லா ஊருணியும் சேர்ந்து மறைந்தன. சுழியம் என்றால் வரம்பில்லை என்பது மட்டும் அதிலிருந்து தெரிந்தது.

உண்மைத் தரவில் சோதித்தால் எதுவும் புரியாது. அங்கே நூறு காரணங்கள் பின்னிக்கிடக்கும். அதனால் கணக்கு நோட்டில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்டேன். எல்லாக் கட்டத்திலும் உயரம் 10. ஒரு பக்கம் செங்குத்துக் குழி: ஒரே ஒரு கட்டம், உயரம் 7. இன்னொரு பக்கம் படிக்குழி: ஐந்துக்கு ஐந்து பரப்பில் வெளி வளையம் 9, உள் வளையம் 8, நடுவில் 7. இரண்டு குழியும் மூன்று மீட்டர் ஆழம். வேறுபாடு, ஒன்று கிணறுபோல இறங்குகிறது, மற்றொன்று தெப்பக்குளப் படிபோல இறங்குகிறது. வரம்பு 2 என்று கொடுத்து ஓட்டினேன்.

கிணறு அப்படியே நின்றது. தெப்பக்குளம் விளிம்பு வரை நிரம்பி 10 ஆகிவிட்டது.

ஒரே ஆழம், இரண்டு முடிவு. அந்த 81 எண்களைப் பார்த்தபோது வந்த தெளிவு, மூன்று வாரமாக வரைபடத்தைப் பார்த்து வரவில்லை. கருவி ஆழத்தை விளிம்பிலிருந்து அளக்கவில்லை. ஒரு கட்டத்துக்கும் அதை அடுத்த கட்டத்துக்கும் உள்ள இறக்கத்தைத்தான் அது 'ஆழம்' என்கிறது. படி ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், வரம்பு இரண்டு, அதனால் ஒவ்வொரு படியையும் தனித்தனியே மன்னித்து நிரப்பிவிட்டது. எங்கள் கண்மாய் சில நூறு மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் இறங்குகிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து சென்டிமீட்டர்கூட வராது. கால் மீட்டர் வரம்பு அதை எப்படிக் காப்பாற்றும்?

மூலநிரலைத் திறந்து உறுதிசெய்துகொண்டேன். சி++ எனக்குப் பாதிதான் தெரியும். ஆனால் தேடவேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதி மொழி போதும். நிரப்பும் முறை எளிமையானது: வரைபடத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, எப்போதும் மிகத் தாழ்ந்த கட்டத்தை முதலில் எடுத்து, உள்நோக்கி வெள்ளம்போலப் பரவுவது. ஒரு கட்டம் தன்னிடம் வந்த வெள்ளத்தைவிடத் தாழ்ந்திருந்தால் வெள்ள மட்டத்துக்கு உயர்த்தப்படும். ஆழ வரம்பைச் சோதிக்கும் வரியில், முந்தைய கட்டத்தின் நிரம்பிய மட்டம் இருக்கவேண்டிய இடத்தில், நிரப்பும் முன் இருந்த அசல் உயரம் இருந்தது. ஒரு மாறியின் பெயர்தான் வேறுபாடு.

இதைப் பிழை என்று எழுதிப் புகார் செய்ய விரல் துடித்தது. நிறுத்திக்கொண்டேன். யாரோ ஒருவர் வேண்டுமென்றே எழுதியிருக்கவும் கூடும். என் 81 எண்களையும் இரண்டு முடிவுகளையும் இணைத்து, "இது நோக்கமா, தவறா?" என்று மட்டும் பராமரிப்பாளர்களைக் கேட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கல் குவாரிகளின் செங்குத்துச் சுவர்களை நிரப்பாமல் விடுவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் சேர்த்தது அது. எழுதியவருக்கு அது போதுமானதாக இருந்தது. விளக்கம் எழுத யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. குவாரிக்கு அது சரியான அளவை. தவறு கணக்கில் இல்லை, பெயரில் இருந்தது. அதை நம்பி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கலாம் என்பதால் பழைய நடத்தையை மாற்ற அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் சொன்னது சரி. என் கண்மாயைக் காப்பாற்ற இன்னொருவர் குவாரியை நிரப்ப முடியாது.

அதனால் பழைய அளவுருவின் விளக்கத்தை, "அடுத்த கட்டத்திலிருந்து நேர் இறக்கம், மீட்டரில், சுழியம் என்றால் வரம்பில்லை" என்று மாற்றினேன். புதிதாக ஓர் அளவுரு சேர்த்தேன். அது பள்ளம் நிரம்பி வழியும் மட்டத்திலிருந்து ஆழத்தை அளக்கும். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் என் மனத்தில் அது கலுங்கு மட்டம்தான்.

புதிய அளவுருவை முதலில் தவறாக எழுதினேன். ஒவ்வொரு கட்டத்தின் ஆழத்தையும் தனியே வரம்போடு ஒப்பிட்டேன். விளைவு: கண்மாயின் ஆழமான நடுப்பகுதி தப்பியது, ஆழம் குறைந்த ஓரங்கள் நிரம்பிவிட்டன. சுருங்கிப்போன கண்மாயைச் சுற்றிச் செங்குத்தான சுவர். காக்கவேண்டியது தனித்தனிக் கட்டங்களை அன்று, முழுப் பள்ளத்தை. பிறகு இரண்டு சுற்றாக எழுதினேன். முதலில் எல்லாவற்றையும் நிரப்பு. நிரப்பியதிலிருந்து அசலைக் கழி. தொட்டுக்கொண்டிருக்கும் கட்டங்களை ஒரே பள்ளமாகச் சேர்த்து, அதன் மிக ஆழமான புள்ளியைப் பார். அது வரம்பைத் தாண்டினால் அந்தப் பள்ளம் முழுவதையும் பழைய உயரத்துக்கே திருப்பு. இதில் ஒரு குறை இருக்கிறது: கண்மாயைத் திருப்பும்போது அதன் அடியில் உள்ள சிறு குண்டுகுழிகளும் சேர்ந்து திரும்பிவிடும். அதைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. குறை இருக்கிறது என்று கையேட்டிலேயே எழுதினேன்.

நோட்டில் போட்ட கட்டங்களையும் சேர்த்தே அனுப்பினேன். கிணறு, தெப்பக்குளம், சமதரை, கரையில் உடைப்பு விழுந்த கண்மாய் என்று நான்கு சிறு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடை. நிரலை யார் மாற்றினாலும் இந்த நான்கும் தானாக ஓடும். விளக்கமும் நிரலும் பிரிந்து போனால் அன்றே தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் விரைவில் தீர்ந்தது, ஆனால் தெரியாமல் இருந்தால் நாள்கணக்கில் அலையவைக்கும். சமதரையில் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று குழம்பாமலிருக்க, நிரப்பும் கருவி ஒவ்வொரு கட்டத்துக்கும் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு வாட்டம், அதாவது சரிவு, கொடுக்கும். எஸ்ஆர்டிஎம் தரவிலோ உயரங்கள் முழு எண்கள்: 3, 4, 5. உள்ளே வந்த வகையிலேயே வெளியேயும் எழுதியது கருவி. கொடுத்த வாட்டம் முழுவதும் எண்ணைச் சுருக்கும்போது உதிர்ந்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத எங்கள் கடற்கரையில் முப்பது நாற்பது கட்டங்கள் ஒரே உயரத்தில் கிடந்தன. தரவைத் தசம எண்ணாக மாற்றிவிட்டு ஓட்டவேண்டும் என்று கையேட்டில் இரண்டு வரி சேர்த்தேன், முழு எண் வந்தால் எச்சரிக்கும்படி நிரலிலும் ஒரு வரி.

பிறகு திசை. நீரோட்டத் திசையை இந்த மென்பொருள்கள் எண்ணாக எழுதுகின்றன. ஆளுக்கு ஒரு வழக்கம். 2 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ரி வழக்கத்தில் அது தென்கிழக்கு. ஒயிட்பாக்ஸ் டூல்ஸில் கிழக்கு. டோடெம்மில் வடகிழக்கு. கிராஸில் வடக்கு. எல்லாமே தத்தம் கையேட்டில் எழுதப்பட்டிருப்பவை, அதனால் குறை சொல்வதற்கில்லை. நான் திருத்திய கருவியின் கையேட்டில் மட்டும் எந்த வழக்கம் என்று ஒரு சொல்லும் இல்லை. கிழக்கே சாயும் ஒரு பலகையை எண்களில் செய்து ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எட்டுத் திசைக்கும் எட்டுப் பலகை, எட்டு விடை, ஓர் அட்டவணை.

இதைக் கீழக்கரையில் படகு வைத்திருக்கும் என் சகலையிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. வாடை என்றால் வடக்கே போகும் காற்று இல்லை, வடக்கிலிருந்து வரும் காற்று. கச்சான் மேற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. "வருவதை வைத்துப் பெயரா, போவதை வைத்துப் பெயரா என்று தெரியாதவனைக் கடலுக்கு அனுப்ப மாட்டோம்" என்றார். அவர் சொன்ன அந்தக் கேள்வியைத்தான் அட்டவணைக்கு மேலே முதல் வரியாக எழுதினேன்: இந்த எண் தண்ணீர் போகும் திசை, வரும் திசை அன்று.

எந்த இடம் எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று காட்டும் ஈரக் குறியீடு என்று ஒன்று உண்டு. பெவன், கிர்க்பி இருவரும் 1979-இல் முன்வைத்தது. ஓரிடத்துக்குத் தண்ணீர் அனுப்பும் மேல்நிலத்தின் பரப்பைச் சரிவால் வகுத்து மடக்கை எடுப்பது. சரிவு சுழியமானால் வகுக்கவே முடியாது. அப்படிப்பட்ட கட்டங்களை நம் கருவி சத்தமில்லாமல் 'தரவு இல்லை' என்று விட்டுவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் நிற்கும் இடங்களே அவைதான். மிக ஈரமான இடம் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் என்று கையேட்டில் எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

மென்பொருளின் தமிழ் முகப்புக்கு, அதாவது திரையில் தெரியும் தமிழ்ச் சொற்களுக்கு, வருகிறேன். என் மனம் அதிகம் ஈடுபட்டது இதில்தான். மென்பொருளுக்குப் பாதித் தமிழாக்கம் முன்பே இருந்தது. அதில் சரிவு பார்த்திருக்கும் திசைக்கு 'அம்சம்' என்றும், பள்ளத்துக்கு 'மூழ்கு' என்றும், வழியும் புள்ளிக்கு 'ஊற்றும் புள்ளி' என்றும் போட்டிருந்தார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும். செய்தவரின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் இந்தச் சொற்களைப் பார்த்து ஒரு விவசாயியாலும் வேலை செய்ய முடியாது.

நான் அகராதியை மூடிவைத்துவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தேன். வழியும் புள்ளிக்குக் கலுங்கு இருக்கிறது. வழிந்து போகும் பாதைக்கு மறுகால். வந்து சேருவதற்கு வரத்து. சரிவுக்கு வாட்டம். கொத்தனார் தளம் போடும்போதும், உப்பளத்தில் பாத்தி கட்டும்போதும், வயலில் வரப்பு வைக்கும்போதும் ஒரே சொல்: "வாட்டம் பார்த்துப் போடு". தண்ணீர் ஓடுவதற்கான சரிவு என்ற பொருளை அந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் எங்கள் பேச்சில் வாட்டம் என்பது எவ்வளவு சரிவு என்பதையும் குறிக்கும், எந்தப் பக்கம் சரிவு என்பதையும் குறிக்கும். மென்பொருளில் இவை இரண்டும் தனித்தனி வரைபடங்கள். அளவுக்கு 'வாட்டம்' என்றும் திசைக்கு 'வாட்டமுகம்' என்றும் வைத்தேன். இரண்டாவது சொல் நான் கட்டியது, இன்னும் காதுக்குப் பழகவில்லை. பள்ளத்தைத் தரவுப் பிழையால் வந்ததற்குக் 'குழி' என்றும், உண்மையானதற்குப் 'பள்ளம்' என்றும் பிரித்தேன். இந்தப் பிரிவு ஆங்கில முகப்பில் தெளிவாக இல்லை. தமிழில் அதைத் தெளிவாக்கிவிட்டு, அங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று எழுதிக் கேட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

திருத்திய கருவியை அரை மீட்டர் வரம்போடு ஓட்டினேன். கண்மாய் திரும்பி வந்தது. கலுங்கும் அதனிடத்தில் இருந்தது. வரத்துக்காலின் கோடு சாலையை அடைந்ததும் சிறுபாலத்துக்குள் நுழையாமல், சாலையோரமாகவே மேற்கே திரும்பி ஓடியது.

நம்பிவிடவில்லை. கோப்பர்நிக்கஸ் தரவின் உயரப் பிழைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவே 4 மீட்டர் வரை. அண்டைக் கட்டங்களுக்கு இடையே பிழை குறைவு என்றாலும், சிறுபாலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று விண்ணிலிருந்து தெரியாது. ஒரு ஞாயிறு அதிகாலை, கொத்தனார் அண்ணன் தம் டியூப் மட்டத்தோடு வந்தார். இருபது மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர், இரண்டு முனையிலும் அளவுகோல். கலுங்குக் கல்லிலிருந்து சிறுபாலம் வரை முப்பது முறை மாற்றி மாற்றிப் பிடித்தோம். வந்த வழியே திரும்பவும் அளந்தோம். இரண்டு அளவுக்கும் வேறுபாடு 2 செ.மீ. பாலத்தின் அடித்தளம் கலுங்கு மட்டத்தைவிட 31 செ.மீ. உயரம், வரத்துக்கு அது போதும். ஆனால் அடித்தளத்தின் மேல் 45 செ.மீ. மணல் படிந்து, கருவேல வேரும் பின்னி இறுகியிருந்தது. வருகிற தண்ணீர் அந்த மணலின்மேல் ஏறுவதற்குள் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிடும்.

மறுநாள் வரைபடத்தைப் புதிதாக அச்செடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். மாமா முதலில் கண்மாயைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் கரையைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, கிழக்கே ஒரு சிறு கோடு போட்டார். "இங்கே இன்னொரு ஓடை இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அதில் கெண்டை பிடித்திருக்கிறோம். உன் கணினியில் அது இருக்கிறதா?" இல்லை. அந்த இடத்தில் இப்போது மணல்மேடும் பனையும்தான் இருக்கின்றன.

மணலை அள்ளும் வேலை புரட்டாசி முதல் வாரத்துக்கு முடிவாகியிருக்கிறது. கலுங்குக் கல்லில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் காலையும் மாலையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பதாக மாமா சொல்லியிருக்கிறார். அந்தக் கிழக்கு ஓடையைத் தேட ஒரு நாள் குழாயோடு வருவதாகக் கொத்தனார் அண்ணனும் சொல்லியிருக்கிறார்.